கடைசி நாளில் புதிய இடம் எதற்கு?

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு மொராக்கோ போகிறோம். நான், கணவர், 16 வயது மகள், 10 வயது மகன், 68 வயது மாமியார். மராகேஷும் ஃபெஸும் பார்த்துவிட்டுக் கடைசியாகக் கடற்கரை ஊரான எஸ்ஸவீராவில் மூன்று இரவுகள். புதன் மாலை அங்கே போய்ச் சேர்வோம். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கசபிளாங்காவிலிருந்து விமானம். வெள்ளிக்கிழமைக்கு மட்டும் எந்தத் திட்டமும் இல்லை. "சும்மா இருக்கவா அவ்வளவு தூரம் போகிறோம்?" என்கிறார் கணவர். மஜோரெல் தோட்டத்துக்கு நாங்கள் மராகேஷில் இருக்கும் நாட்களில் டிக்கெட் இல்லை, வெள்ளிக்கிழமை இருக்கிறதாம். அன்றைக்கு அங்கே போய்த் திரும்பலாம் என்பது அவர் எண்ணம். மகளுக்குக் கடைகளும் மருதாணியும். மாமியார் சுத்த சைவம். அவரைக் கேட்டால், "எனக்கு ஒன்றும் வேண்டாம், நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் அறையிலேயே இருக்கிறேன்" என்கிறார். போன முறை சிங்கப்பூரில் கடைசி நாள் முழுக்க ஓடினோம். விமான நிலையத் தரையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எடையைக் குறைத்தபடி நானும் அவரும் சண்டை போட்டதுதான் இன்றைக்கும் நினைவில் நிற்கிறது. இந்த முறை அப்படி ஆகாமல் இருக்க ஒரு திட்டம் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டில் வாக்குவாதம் மஜோரெல் தோட்டத்தில்தான் நிற்கிறது என்று தெரிகிறது. அதையே முதலில் பேசிவிடுவோம். நல்ல இடம்தான். ஓவியர் ஜாக் மஜோரெல் வளர்த்த தோட்டம். அவருக்குப் பிறகு கேட்பாரற்றுக் கிடந்ததை 1980-இல் ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரானும் பியேர் பெர்ஜேயும் வாங்கிக் காப்பாற்றினார்கள். அந்த அடர்நீலச் சுவரும் அதன் முன்னால் நிற்கும் கள்ளிகளும் லேசில் மறக்காது. ஆனால் எஸ்ஸவீராவிலிருந்து மராகேஷ் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். திருச்சியிலிருந்து திருப்பூருக்குப் போய், ஒரு மணி நேரம் தோட்டம் பார்த்துவிட்டு, அன்றே வீடு திரும்புவது போல. அதோடு முடிந்ததா? மறுநாள் விடியற்காலையில் எழுந்து அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் போக வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பதை மகனே மறந்தால் எப்படி? வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். பழி என் மேல் இருக்கட்டும், பழக்கம்தான்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்பட வைத்தது வெள்ளிக்கிழமை இல்லை, சனிக்கிழமை. எஸ்ஸவீராவிலிருந்து கசபிளாங்கா ஏறத்தாழ 370 கிலோமீட்டர். வழியில் இருக்கும் சாஃபி நகரம் வரை சாதாரணச் சாலை, அதற்கப்புறம்தான் நெடுஞ்சாலை. தனி வண்டியிலேயே ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. பஸ் என்றால் இன்னும் கூடும். மூன்று மணி விமானத்துக்குப் பன்னிரண்டு மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். அது நகரத்துக்குள் இல்லை, முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வழியில் ஒரு டயர் பஞ்சரானாலும் தாங்க வேண்டுமானால் காலை ஐந்தரைக்குள் கிளம்ப வேண்டும். அதாவது நாலரைக்கு எழ வேண்டும். ஐந்து பேருக்கு ஒரு குளியலறை. அந்த ஊர் காலை உணவு எட்டரைக்கு மேல்தான் மேசைக்கு வரும், ஆகவே வெறும் வயிறு. சண்டைக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

ஆகையால் வெள்ளி இரவை எஸ்ஸவீராவில் கழிக்காதீர்கள். அன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கிளம்பி, இரவு எட்டரை, ஒன்பது வாக்கில் கசபிளாங்கா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு சாதாரண ஓட்டலில் படுத்துவிடுங்கள். மே மாதத்தில் அங்கே எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும், இருட்டில் ஓட வேண்டியிராது. மூன்றாவது இரவின் வாடகையைத் திருப்பித் தருவார்களா என்று இன்றே எழுதிக் கேளுங்கள். தரவில்லை என்றாலும் கிளம்பத்தான் சொல்வேன். மூன்று மணி வரை அறை உங்கள் கையில் இருக்கும்; மாமியார் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் கால் நீட்டலாம். அதுவும் காசுக்குக் கிடைத்த பலன்தான். வழியில் எல் ஜடீடாவில் போர்த்துக்கீசியர் கட்டிய நிலத்தடி நீர்த்தொட்டி இருக்கிறது, பார்த்துவிட்டுப் போகலாமே என்று உங்கள் கணவர் வரைபடத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பார். கண்டுபிடிக்கட்டும். வண்டி நிற்க வேண்டாம்.

இப்போது உங்களுக்குக் கடைசி நாள் என்பது வெள்ளிக்கிழமை காலை ஏழரை முதல் பிற்பகல் மூன்று வரை. அந்த ஏழரை மணி நேரத்தில் புதிதாக எதையும் பார்க்க வேண்டாம். வியாழக்கிழமை பார்த்ததையே மறுபடி பாருங்கள். பயணம் ஏற்பாடு செய்யும் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் கடைசி நாளில்தான் பட்டியலை நீட்டுவேன். ஒருமுறை இதே ஊரில் நான்கு குடும்பங்களை அழைத்துப் போயிருந்தேன். கடைசி நாள் காலை வண்டி ஏறும்போது ஒன்பது வயதுப் பையன் ஒருவன் தேம்பித் தேம்பி அழுதான். துறைமுகத்தில் ஒற்றைக் கண் பூனை ஒன்றுக்கு "நாளைக்கும் மீன் தலை கொண்டு வருகிறேன்" என்று சொல்லியிருந்தானாம். என் பட்டியலில் பதினொரு இடங்கள் இருந்தன, பூனை இல்லை. அன்று பார்த்த பதினொன்றில் எனக்கே இன்று நான்குதான் நினைவிருக்கிறது.

எஸ்ஸவீரா மறுபடி பார்ப்பதற்கு ஏற்ற ஊர். சிறியது, கோட்டைச் சுவருக்குள் வண்டிகள் கிடையாது. ஃபெஸின் சந்துகளில் வழி தவறிவிட்டு வந்தவர்களுக்கு இங்கே தெருக்கள் நேராகப் போவது ஆச்சரியமாக இருக்கும். அதற்குக் காரணம் உண்டு: 1760-களில் சுல்தான் சீதி முகம்மது பின் அப்தல்லா இதைத் துறைமுக நகரமாகத் திட்டம் போட்டுக் கட்டினார், வரைபடத்துக்கு ஒரு பிரெஞ்சுப் பொறியாளரைப் பிடித்தார். ஐரோப்பியர் வாயில் மொகடோர் என்று வழங்கியது இந்த ஊர்தான். இந்த நேரான தெருக்களால் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு, மகளைப் பற்றிச் சொல்லும்போது வருகிறேன்.

வெள்ளிக்கிழமை சும்மா இருக்க வேண்டுமானால் வியாழக்கிழமை சும்மா இருக்க முடியாது. வாங்குவதையெல்லாம் அன்றைக்கே வாங்கி முடியுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகையை ஒட்டிப் பல கடைகளில் கதவு சாத்தியிருக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, கடைசி நாளில் பேரம் பேச உங்களிடம் கால அவகாசம் இருக்காது, அது கடைக்காரருக்குத் தெரியும். புதினாத் தேநீரை ஊற்றிக்கொண்டே "எப்போது ஊருக்குக் கிளம்புகிறீர்கள்?" என்று கேட்பார். உபசாரமாகத்தான் கேட்பார், பதிலையும் கணக்கில் வைத்துக்கொள்வார். "இன்னும் இரண்டு நாள் இருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வரக்கூடியவருக்குத்தான் விலை இறங்கும். வியாழக்கிழமை சொன்னால் அது கிட்டத்தட்ட உண்மையும்கூட.

எதை வாங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கோட்டைச் சுவரின் அடியில், வளைவுகளுக்குள் துயா மரத் தச்சர்களின் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. கடையில் வாங்காமல் பட்டறையில் வாங்குங்கள். அந்த மரத்தின் வேர்முண்டில் புள்ளியும் சுழியுமாக ஒரு வரிகோலம் இருக்கும். இழைக்கும்போது வரும் வாசனை முதலில் மிளகு போலவும் பிறகு சாம்பிராணி போலவும் தோன்றும். மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வார்னிஷ் நெடி மட்டும் வந்தால் வைத்துவிடுங்கள். உள்ளங்கை அளவு டப்பா ஒன்று உங்கள் மாமியாருக்கு விபூதி வைக்க ஆகும். "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் சொல்வார். வாங்குங்கள்.

ஆர்கன் எண்ணெய் வாங்குவீர்கள், வாங்காமல் யாரும் வருவதில்லை. ஆர்கன் என்ற மரத்தின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பிலிருந்து எடுப்பது. வறுத்த பருப்பிலிருந்து எடுப்பது சமையலுக்கு, நிறம் அடர்ந்து வேர்க்கடலை போல மணக்கும். வறுக்காமல் எடுப்பது தலைக்கும் தோலுக்கும், வெளிறி இருக்கும், வாசனை அதிகம் இராது. ஒரு லிட்டருக்கு முப்பது கிலோவுக்கும் மேல் பழம் பிடிக்கும். ஆகவே மலிவாகக் கிடைத்தால் அதில் வேறு எண்ணெய் இருக்கிறது என்று பொருள். புட்டியைத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் சோதனையில் பறிபோகும். மராகேஷ் சாலையில் ஆர்கன் மரத்தின் மேல் ஆடுகள் நிற்பதைப் பார்த்து உங்கள் மகன் குதிப்பான். ஆடுகள் பழத்துக்காக ஏறுவது உண்மை. ஆனால் சாலையோரத்தில் கிளைக்கு ஒன்றாகக் கொலு வைத்தது போல நிற்பவை பெரும்பாலும் படம் எடுப்பவர்களிடம் காசு வாங்க ஏற்றி நிறுத்தப்பட்டவை. அவனிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

மருதாணியும் வியாழன் மாலைதான். நல்ல மருதாணி சில மணி நேரம் கையில் இருந்தால்தான் சிவக்கும் என்பதைத் திருச்சிப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பு மருதாணி என்று ஒன்றை நீட்டுவார்கள், சீக்கிரம் பிடிக்கும் என்பார்கள். அது தலைச்சாயத்தில் போடும் ரசாயனம் கலந்தது. தோல் வெந்து கொப்புளம் கண்டு, தழும்பே நின்றுவிட்டவர்கள் உண்டு. மகள் எவ்வளவு கெஞ்சினாலும் பழுப்பு நிறக் குழம்புதான், அதுவும் உங்கள் கண் முன்னால் கலந்தது.

பணம். மொராக்கோ திர்ஹாம் அந்த நாட்டோடு சரி. திருச்சியில் அதை மாற்ற ஆள் தேட முடியாது. வெளியே எடுத்துப் போக அனுமதியும் ஆளுக்கு 2,000 திர்ஹாம் வரைதான். மாற்றிய ரசீதுகளையும் ஏ.டி.எம். சீட்டுகளையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். மிச்சத்தை விமான நிலையத்தில் திரும்ப மாற்ற ரசீது கேட்பார்கள். வியாழன் இரவு உட்கார்ந்து எண்ணி, விடுதிக்குத் தர வேண்டிய பாக்கி, தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் தங்கும் வரி, வேலை செய்தவர்களுக்குக் கொடுப்பது, வண்டிக்காரருக்கு, வழியில் டீக்கு என்று தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். சில்லறையாக. கையில் இருநூறு திர்ஹாம் தாளை மட்டும் வைத்துக்கொண்டு கடைசி நாளில் நிற்பவரைப் போல் பரிதாபமானவர் இல்லை.

பெட்டியும் அன்று இரவே. ஒரு சின்ன கைத்தராசு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி அந்தத் தரையில் திறந்து கிடந்த பெட்டிதான். அதற்கு மருந்து மனநல ஆலோசனையில் இல்லை, தராசில் இருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் வியாழன் மாலை எட்டு மணிக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஸ்காலா கோட்டைச் சுவர் மேல் ஏறுங்கள். உங்களுக்குக் கடைசி அஸ்தமனம் அதுதான், வெள்ளிக்கிழமை இந்த நேரம் வண்டியில் இருப்பீர்கள். வரிசையாகப் பழைய வெண்கலப் பீரங்கிகள் கடலைப் பார்த்து நிற்கும், அடியில் அலை பாறையில் மோதும். சுவருக்கு அந்தப் பக்கம் முழு அட்லாண்டிக். தெற்கே விரிகுடாவில் தெரியும் தீவுகளில்தான் ஒருகாலத்தில் கடல் நத்தையிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார்கள். ரோமாபுரிப் பிரபுக்கள் உடுத்திய ஊதா. அதே தீவில் எலியனோரா வல்லூறுகள் கூடு கட்டுகின்றன. குளிர்காலத்தை மடகாஸ்கரில் கழித்துவிட்டு, ஆப்பிரிக்காவின் குறுக்கே பறந்து இந்தப் பருவத்தில்தான் வந்து சேரும். தீவுக்குள் நினைத்தபடி போக விடமாட்டார்கள். சுவரிலிருந்து பார்க்க ஒரு தொலைநோக்கியைப் பையனிடம் கொடுத்தால் அரை மணி நேரம் உங்களை ஒன்றும் கேட்கமாட்டான்.

வெள்ளிக்கிழமை ஏழரைக்கு, யார் எழுந்தாலும் எழாவிட்டாலும், நீங்களும் உங்கள் கணவரும் மட்டும் வெளியே போங்கள். கடைகள் இன்னும் திறந்திருக்காது. கதவுகள் சாத்தியிருக்கும்போதுதான் அந்தத் தெருக்களின் நீலமும் வெள்ளையும் கண்ணுக்குத் தெரியும். மற்ற நேரங்களில் கம்பளமும் தோல்பையும் தொங்கி மறைத்துவிடும். துணி மூடிய பலகையில் பிசைந்த மாவை வைத்துத் தெருவின் பொது அடுப்புக்கு யாராவது எடுத்துப் போவார்கள். வாசலில் தண்ணீர் தெளித்துத் தள்ளுவார்கள். பேசிக்கொள்ள ஒன்றும் இல்லையென்றாலும் பரவாயில்லை. பத்து நாளில் நீங்கள் இருவரும் தனியாக இருக்கும் முதல் ஒரு மணி நேரமாகக்கூட அது இருக்கலாம்.

எட்டரைக்கு எல்லோரும் காலை உணவு. மாமியாருக்கு அந்த நாட்டில் மிகப் பத்திரமான வேளை இதுதான். சதுரமாக மடித்துச் சுடும் ம்ஸெமன் நம் வீச்சு பரோட்டாவுக்குச் சித்தி மகள். பஃக்ரீர் என்பது மேலெல்லாம் துளை துளையாக, ஆப்பத்தின் நடுப்பகுதியை மட்டும் தட்டில் வைத்தது போல இருக்கும். தேனும், பாதாமை ஆர்கன் எண்ணெயோடு அரைத்த அம்லூவும் தொட்டுக்கொள்ள. வெள்ளிக்கிழமை மதியம் நாடெங்கும் குஸ்குஸ், அதாவது ரவை போன்ற கோதுமை மணிகளை ஆவியில் வேகவைத்து, மேலே காய்கறியும் இறைச்சியும் சாறும் சேர்ப்பது; விடுதியிலும் அதுதான் இருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்து வைத்துவிட்டு, அது வெந்த சாற்றையே காய்கறி மேல் ஊற்றித் தருவார்கள். அவர்கள் கணக்கில் அது சைவம். "சாறும் தண்ணீரில் காய்கறி மட்டும் போட்டு வைத்ததாக இருக்க வேண்டும்" என்று வியாழன் காலையிலேயே, சமைக்கும் அம்மாளிடம் நேராகச் சொல்லுங்கள். மேலாளரிடம் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும். மீன் சாப்பிடுகிறவர்கள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சுட்டுத் தரும் கடைகளுக்கு வியாழன் மதியமே போய்விடுங்கள். மீனைத் தேர்ந்தெடுத்து, எடை போட்டு, ரொட்டியும் சாலடும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்ட பிறகே அடுப்பில் போடச் சொல்லுங்கள்.

பத்து முதல் ஒன்று வரை ஆளுக்கு ஒன்று. வியாழன் பார்த்ததில் எதற்கு மறுபடி போக வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்லட்டும், அவ்வளவுதான் திட்டம். உங்கள் மகன் துறைமுகத்தைச் சொல்வான் என்பது என் ஊகம். நீலப் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடக்கும், கரையில் மரச்சட்டங்களை அடித்துப் புதுப் படகு கட்டிக்கொண்டிருப்பார்கள், கடற்காகங்கள் தலைக்கு மேல் சண்டை போடும். உங்கள் கணவரையும் அவனோடு அனுப்புங்கள். சும்மா இருக்க முடியாதவர்களுக்குப் படகு கட்டுவதை வேடிக்கை பார்ப்பதைப் போல ஒரு வேலை இல்லை.

மகளைத் தனியாக ஒரு மணி நேரம் விடுங்கள். உங்களுக்கு வயிற்றைக் கலக்கும், தெரியும். பகல் வெளிச்சம், நேரான தெருக்கள், முதல் நாளே நடந்து பழகிய இடம், கையில் செல்பேசி, பன்னிரண்டு மணிக்கு மூலே ஹசன் சதுக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்ற ஒப்பந்தம். மராகேஷில் இதைச் சொல்லமாட்டேன். நூறு திர்ஹாம் கொடுத்து, எதற்குச் செலவழித்தாய் என்று கேட்காமல் இருந்து பாருங்கள்.

மாமியார். நம் வீட்டுப் பெரியவர்களின் "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் கிடையாது. பல நேரங்களில் அதற்கு "என் வேகத்துக்கு யாரும் நடப்பதில்லை" என்று அர்த்தம். "எங்கே போகலாம்?" என்று அவரைக் கேட்காதீர்கள், "எங்கே உட்காரலாம்?" என்று கேளுங்கள். அதே சதுக்கத்தில் காற்று மறைவாக ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடிக் குவளையில் புதினாத் தேநீர். சர்க்கரை வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாயசம்தான். எதிரே பையன்கள் பந்து உதைப்பார்கள், க்னாவா இசைக்காரர்கள் இரும்புச் சப்ளாக்கட்டையைத் தட்டிக்கொண்டு வருவார்கள். அந்த நாட்டில் வயதான பெண்களுக்குத் தனி மரியாதை உண்டு. 'லல்லா' என்று விளித்து முதுகுக்குத் தலையணை கொண்டுவந்து வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். அவரோடு நீங்களும் உட்காருங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கடிதத்தில் எங்குமே எழுதவில்லையே, கவனித்தீர்களா? அந்த நாற்காலியில் இருக்கும்போது யோசித்துப் பாருங்கள்.

ஒன்றரைக்குச் சாப்பாடு. பெட்டிகளைக் கோட்டை வாசல் வரை கொண்டு போகத் தள்ளுவண்டிக்காரரை இரண்டே முக்காலுக்கு வரச் சொல்லி விடுதியில் முன்பே ஏற்பாடு செய்யுங்கள், கூலியையும் முன்பே பேசிவிடுங்கள். இந்தப் பழைய வீடுகளில் லிஃப்ட் கிடையாது, படிகள் செங்குத்தானவை; ஆகவே மாமியாருக்குக் கீழ்த்தள அறை கேட்டு இன்றைய கடிதத்திலேயே ஒரு வரி சேருங்கள். வாடகை வண்டி கோட்டைக்கு வெளியேதான் நிற்கும். எந்த வாசல் என்று ஓட்டுநரிடமும் தள்ளுவண்டிக்காரரிடமும் ஒரே பெயரைச் சொல்லுங்கள். இரண்டு வாசலில் இரண்டு பேர் காத்து நின்ற கதை எங்கள் அலுவலகத்தில் உண்டு.

கடைசியாக ஒன்று. அந்த ஊர் காற்று ஊர். வசந்தம் தொடங்கிக் கோடை முழுக்க வடக்கிலிருந்து விடாமல் அடிக்கும். மே மாதப் பகலிலும் இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மாமியாரின் ஸ்வெட்டரையும் காதை மூடும் துண்டையும் வியாழன் இரவு பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.